இடது கன்னத்தில் அடக்கிய கோகா

நிக்கானோர் காயெகோ சேற்றைக் கையால்தான் அள்ளுவான், கரண்டியைத் தொட மாட்டான். வைக்கோல் போட்டு மிதித்த மண்ணை இரண்டு கையாலும் வாரிச் சுடாத பச்சைக்கல் வரிசையின் மேல் அப்பி, விரல்களால் பரப்பி, அடுத்த கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து உட்கார்த்துவான். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு நாலடி பின்னால் போய் நின்று பார்ப்பான். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு அவன் பையில் கிடந்தது, ஆனால் அதை அவன் எடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பாதிச் சுவர்கள் அவன் வைத்தவை. எல்லாம் கண்ணால் பார்த்து வைத்தவைதான். ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை.

அந்த ஜூன் மாதக் காலையில் அவன் என் சமையலறைச் சுவரின் ஒன்பதாவது வரிசையை வைத்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் உட்கார்ந்து, பனியில் உறைந்த உருளைக்கிழங்குக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றான். சேறு படிந்த புறங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

நான் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அவன் பார்த்த சுவரைப் பார்த்தேன். கீழே ஐந்து வரிசை ஏப்ரலில் வைத்தது, கோடு போட்டதுபோல் இருந்தது. ஆறாவது வரிசையிலிருந்து சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் மே மாதச் சிலுவைத் திருவிழா வந்து போயிருந்தது.

அதற்கு ஏழு வாரம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வடக்கு பொட்டோசி மலைப்பக்கத்தில் அந்தத் திருவிழாவுக்கு மேலூரும் கீழூரும் தேவாலயச் சதுக்கத்தில் இறங்கிக் கையால் சண்டை போடும். தின்கு என்று பெயர். தோல் தலைக்கவசம் நெற்றியைக் காக்கும், கன்னத்தைக் காக்காது. மண்ணில் ரத்தம் விழுந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. அடித்தவன் யார் என்று கேட்பதும் வலிக்கிறது என்று சொல்வதும் வழக்கமில்லை. நிக்கானோர் மேலூர். பதினெட்டு வயதிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் இறங்கினவன். அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்பது. தகப்பன் சுரங்கத்தில் செத்தபின் ஒன்பது வயதில் கல் அறுக்கப் போனான். மனைவி குமெர்சிந்தா. ஒரே மகள் சுல்மாவுக்கு நான் ஞானத்தாய், அதனால் அவனும் அவளும் என்னை கொமாத்ரே என்று அழைப்பார்கள்.

நான் ஊர்ச் சுகாதார நிலையத்தில் உதவிச் செவிலி. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் நான்தான். அதற்கு முன் சுக்ரேயில் முகம், தாடை அறுவை செய்யும் வார்டில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். கன்ன எலும்பு உடைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆளை உட்காரவைத்துப் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார். கண்குழியின் கீழ்விளிம்பில் விரலை ஓட்டு, படிக்கட்டுபோல் தட்டுகிறதா பார். வாயில் மூன்று விரல் நுழைகிறதா பார். மேலே பார்க்கச் சொல், ஒன்று இரண்டாகத் தெரிகிறதா கேள். மேலுதடும் பல்லும் மரத்திருக்கிறதா கேள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

திருவிழாவன்று பிற்பகல் என் அறைக்கு வெளியே முப்பது பேர் நின்றார்கள். குமெர்சிந்தா அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். இடது கன்னம் முழுக்க வீங்கியிருந்தது. அவன் எப்போதும் இடது கன்னத்தில்தான் கோகா இலையை அடக்குவான். திருவிழாவன்று அந்த உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கும். எது வீக்கம், எது இலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது, வரிசையில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"மரத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"விடியக்காலைல இருந்து அரைப் பை இலை உள்ள போயிருக்கு கொமாத்ரே. மரக்காம இருக்குமா? நீங்க இப்ப என் கன்னத்தைத் தச்சு மூடினாக்கூடத் தெரியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புருவத்தில் மூன்று தையல் போட்டு அனுப்பினேன்.

இலையைத் துப்பு என்று நான் சொல்லவில்லை. மறந்து போய் அல்ல. அந்த நாளில் ஒருவன் வாயில் இருக்கும் கோகா மண்தாய் பச்சமாமாவுக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளது. அதைச் சட்டியில் துப்பச் சொல்வது அவனை எல்லார் முன்னாலும் அவமதிப்பதற்குச் சமம். நகரத்திலிருந்து வந்த செவிலி என்றால் தெரியாமல் சொல்லியிருப்பாள், திட்டு வாங்கியிருப்பாள், எலும்பையும் பார்த்திருப்பாள். நான் அந்த ஊர்க்காரி. சொல்லக் கூச்சப்பட்டேன்.

இப்போது சமையலறையில் எழுந்து அவன் எதிரில் போய் நின்றேன்.

"இலையைத் துப்பு" என்றேன்.

"என்ன கொமாத்ரே?"

"துப்பிட்டு வாயைக் கொப்புளிச்சிட்டு வா."

என் முகத்தைப் பார்த்தபின் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. விரலால் உருண்டையை எடுத்துச் சுவரோரம் மண்ணைக் கீறி அதில் வைத்து மூடினான். நிமிர்ந்தபோது இடது கன்னம் தட்டையாக இருந்தது. வரிசையில் ஒரு கல்லை உருவி எடுத்ததுபோல. ஏழு வாரமாக அந்தப் பள்ளத்தை இலை நிரப்பி வைத்திருந்தது, மனைவிகூடப் பார்க்கவில்லை.

கவிழ்த்த வாளியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றேன். கண்ணுக்குக் கீழே விரலை ஓட்டினேன், படி தட்டியது. வாயில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. உள்ளே போன எலும்பு தாடையைத் தடுத்துக்கொண்டிருந்தது. மேலே பார்க்கச் சொன்னால் வலது கண் ஏறியது, இடது கண் பாதியில் நின்றது. ஒரு வைக்கோலால் மேலுதட்டைக் கீறினேன். அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் குமெர்சிந்தா அவனுக்குச் சூப் கொண்டுவந்தாள். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. திருவிழா முடிந்த இரண்டாம் நாள் அவன் மூக்கைச் சிந்தியதும் முகம் பாதி உப்பி, கண் மூடிக்கொண்டதாம். அமுக்கினால் உறைபனியை மிதித்ததுபோல் நொறுநொறுத்ததாம். காற்றுப் பூந்துவிட்டது என்று நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய், லாமா விலங்கின் கொழுப்பைத் தடவி, கட்டுப்போட்டு, ஒரு வாரத்தில் வடிந்ததாம். உண்மையில் காற்றுதான் பூந்திருந்தது. உடைந்த எலும்பு வழியாக, மூக்குக்குப் பக்கத்தில் எலும்புக்குள் இருக்கும் காற்றறையிலிருந்து தோலுக்கு அடியில். அந்த ஒரு செய்தி என் காதுக்கு வந்திருந்தால் அன்றைக்கே அவனை வண்டி ஏற்றியிருப்பேன்.

"எங்கிட்ட ஏன் வரல?" என்று கேட்டேன்.

"காத்துன்னா அது உங்க வேலை இல்லையே" என்றாள் குமெர்சிந்தா.

"ரெண்டு ரெண்டா எப்ப இருந்து தெரியுது?" என்று அவனைக் கேட்டேன்.

"திருவிழாவுல இருந்து. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டா ஒரு சுவர்தான். சமாளிச்சுக்கிறேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்கதான் பாத்தீங்களே கொமாத்ரே" என்றான்.

மறு வாரம் சுக்ரேக்குப் போனோம், நான் முன்பு வேலை பார்த்த வார்டுக்கே. என் காலத்து ஆட்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. குமெர்சிந்தாவுக்கு ஆடுகளை விட்டு வர முடியாது, அதனால் துணைக்கு நான் போனேன். அறுவை மருத்துவர் அரான்சிபியா என்ற பெண், நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுவாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் நெற்றியோரம் சின்னதாகக் கீறி ஒரு நெம்பு நெம்பினால் முடிந்திருக்கும் என்றாள். இப்போது எலும்பு தப்பாகவே ஒட்டிக்கொண்டது. மறுபடி உடைத்து, இமைக்குக் கீழேயும் வாய்க்குள்ளேயும் கீறி, தகடு வைத்து முடுக்க வேண்டும். உதட்டு மரப்பு போகலாம், போகாமலும் இருக்கலாம். அறுவைக்குப் பின் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையே போய்விடும், அது அபூர்வம், ஆனால் நடக்கும். இதையெல்லாம் அவனைப் பார்த்தே சொன்னாள். நல்ல டாக்டர்.

"கண்ணு போச்சுன்னா நான் எதை வச்சுச் சுவர் வைக்கிறது?" என்று நிக்கானோர் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலன்னா எதை வச்சு வைப்பீங்க?" என்றாள் அவள். அவன் கையெழுத்துப் போட்டான்.

பிறகு அவள் படத்தை உறையில் போட்டபடி என்னைக் கேட்டாள், முதலில் பார்த்தது யார் என்று.

"சுகாதார நிலையத்துல பாத்தாங்க" என்றேன்.

பார்த்தார்கள். யாரோ நாலு பேர் பார்த்ததுபோல. நிக்கானோர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் திருத்தவில்லை.

அறுவை காலையில் நடந்து மதியத்துக்குள் முடிந்தது. எலும்பு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார்கள். வார்டில் ஒரு செவிலிக்கு இருபத்திரண்டு படுக்கை. நான் வேலை தெரிந்தவள் என்று தெரிந்ததும் இரண்டரை மணிவாக்கில் கண்ணைச் சோதிக்கும் வேலையை என்னிடம் விட்டாள். கால் மணிக்கு ஒருமுறை இமையைத் தூக்கி விளக்கு அடிக்க வேண்டும், கண் பிதுங்குகிறதா பார்க்க வேண்டும், நல்ல கண்ணைப் பொத்திவிட்டு விரல் எண்ணச் சொல்ல வேண்டும், வலி கூடுகிறதா கேட்க வேண்டும்.

நான் சரியாகத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். வலது கண்ணை என் இடது கையால் பொத்துவேன், வலது கையில் விரல் காட்டுவேன். "எத்தனை?" "மூணு." "வலிக்குதா?" "இல்ல." காகிதத்தில் ஒரு கோடு போடுவேன். முதல் ஆறு முறை விளக்கும் ஒழுங்காக அடித்தேன். அதன்பின் இமை வீங்கித் தூக்கச் சிரமமாக இருந்தது. அவனுக்கு வலிக்குமே என்று இரண்டு முறை விளக்கை விட்டுவிட்டு விரலை மட்டும் காட்டினேன்.

நாலரை மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டார். விரல் காட்டும் கையில் டம்ளர் இருந்ததால் மூன்று விரல் விரிக்க வரவில்லை, இரண்டு காட்டினேன்.

"எத்தனை?"

"மூணு" என்றான்.

டம்ளரை வைத்துவிட்டு நான்கு காட்டினேன்.

"மூணு."

இமையை விரலால் பிளந்தேன். கண் முன்னுக்குத் தள்ளியிருந்தது, தொட்டால் கல்போல இருந்தது. விளக்கு அடித்தேன். கருமணி பெரிதாக விரிந்தபடியே நின்றது, சுருங்கவில்லை. அவன் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியை அப்போதுதான் கவனித்தேன். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. எங்கள் ஊர்க்காரனிடம் வலிக்கிறதா என்று கேட்டு இல்லை என்ற பதிலை நம்பியிருந்தேன்.

கத்தவில்லை, ஓடினேன். அரான்சிபியா நடைக்கூடத்தில்தான் இருந்தாள். படுக்கையிலேயே இமைக்குக் கீழே தையலைப் பிரித்தாள், இமையின் வெளி மூலையைக் கத்தரித்தாள், கட்டியிருந்த ரத்தம் வழிந்து தலையணையை நனைத்தது. ஊசிகள் ஏறின. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு அடித்தபோது கருமணி மெதுவாகச் சுருங்கியது.

"வெளிச்சம் தெரியுது" என்றான்.

கண் பிழைத்தது. ஆனால் முழுதாக இல்லை. இடது கண் பார்வையின் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு நின்றுவிட்டது, அங்கே எதை வைத்தாலும் அவனுக்குத் தெரியாது. அந்த மூலை எந்தக் கால் மணியில் போனது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் காகிதத்தில் எட்டுக் கோடு இருந்தது. எட்டிலும் மூன்று விரல்தான் காட்டியிருந்தேன், பழக்கத்தில். எத்தனையில் பார்த்துச் சொன்னான், எத்தனையில் நினைவிலிருந்து சொன்னான் என்று இன்றுவரை தெரியாது.

அரான்சிபியா என் தோளில் தட்டி, நீங்கள் இல்லாவிட்டால் கண் போயிருக்கும் என்றாள். நிக்கானோர் அதைக் கேட்டான். ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னான்.

ஊரில் எனக்கு வந்த மரியாதையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நன்றி சொன்னார்கள். குமெர்சிந்தா ஒரு கறுப்புக் கோழி கொண்டுவந்தாள். நான் வாங்கிக்கொண்டேன், சமைத்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

பத்தாம் நாள் அவன் வாய் வாடை பொறுக்காமல் குமெர்சிந்தா மறுபடி என்னிடம் இழுத்துவந்தாள். வாய்க்குள் தையல் இருக்கும் பக்கத்திலேயே இலையை அடக்கி, இலையோடு மெல்லும் சாம்பல் உருண்டையையும் சேர்த்துக் கடித்திருக்கிறான். சாம்பல் புண்ணைச் சுட்டு, சீழ் வைத்திருந்தது. உதடு மரத்திருந்ததால் ஆளுக்குத் தெரியவில்லை. இந்த முறை நான் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேசினேன். மருந்தும் உப்புத் தண்ணீருமாக மூன்று வாரம் தினமும் போய் நானே கழுவினேன். தகடு தப்பித்தது. மூக்கைச் சிந்தாதே, அந்தப் பக்கம் படுக்காதே, கெட்டியாக எதையும் கடிக்காதே என்று நான் சொன்னதையெல்லாம் குமெர்சிந்தா நாள் முழுக்க அவனிடம் திருப்பிச் சொன்னாள். அறுவையைவிட இதுதான் பெரிய வேதனை என்று அவன் ஊரெல்லாம் புலம்பினான்.

செப்டம்பரில் என் சுவரை முடிக்க வந்தான். நேராகப் பார்த்தால் அவனுக்கு ஒரு சுவர், மேலே பார்த்தால் இன்னும் இரண்டு. தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்து, நூலைத் துடைத்து, முதல் தடவையாகத் தொங்கவிட்டான். ஆறு முதல் ஒன்பது வரை பிரித்துவிட்டு வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மேல் வரிசைகளை உள்வாங்கி வைத்துக் கூரை போட்டான். மேல் வரிசையில் ஆணியடித்து மாட்டினால் வாணலி கீழே சாய்ந்த வரிசைகளைத் தொடாது, இரண்டு விரல் தள்ளித் தொங்கும். காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த மே வந்தது. திருவிழாவுக்கு முதல் நாள் பிற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குமெர்சிந்தா சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்த சிச்சாவை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் உட்கார்ந்து தலைக்கவசத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். இந்த வருடம் இறங்க மாட்டான், டாக்டர் உத்தரவு. சும்மா பூசிக்கொண்டிருந்தான். இலை வலது கன்னத்தில் இருந்தது.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"போன வருஷம் உன் இலையைத் துப்பச் சொல்லியிருக்கணும். அப்பவே எலும்பு தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியும், ஆனா கூச்சப்பட்டுச் சொல்லல. ஆஸ்பத்திரியில எட்டுத் தடவையும் அதே மூணு விரலைக் காட்டினேன். டாக்டர்கிட்ட யாரோ பாத்தாங்கன்னு சொன்னேன். உன் கண்ணுல அந்த மூலை போனது என்னால."

குமெர்சிந்தா வடிகட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப கோழியைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, ஆனால் மறுபடி வடிகட்ட ஆரம்பித்தாள்.

நிக்கானோர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான். "விரல் விஷயம் என் திருட்டுத்தனம். இருட்டாத்தான் இருந்துச்சு. மருந்து மயக்கம், தெளிஞ்சிரும்னு நினைச்சேன். தெரியலன்னு சொல்ல வெக்கம்." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "இலை விஷயம் வேற. நீங்க கேட்டிருந்தாலும் நான் துப்பியிருக்க மாட்டேன் கொமாத்ரே. ஆனா நீங்க கேட்டிருக்கணும்."

"ஆமா" என்றேன். அவன் மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவனும் அப்படிச் சொல்லவில்லை.

"நாளைக்குக் கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"சட்டியை நீட்டினா ஒருத்தனும் துப்ப மாட்டான்."

"தெரியும்."

"எத்தனை மணிக்குக் கதவு திறப்பீங்க?"

"ஏழு."

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே அவன் அங்கே இருந்தான். சுகாதார நிலையத்து முற்றத்தில், கதவுக்கு மூன்றடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, விளிம்பைக் கையால் பூசிக்கொண்டிருந்தான். விளிம்பு சரியாக வட்டமாக இருந்தது. என் எதிரிலேயே தன் வாயிலிருந்த இலையை எடுத்து அடியில் வைத்தான், மேலே கொஞ்சம் சிச்சா ஊற்றினான். பிறகு பக்கத்தில் ஒரு பச்சைக்கல்லைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பத்து மணிக்கு முதல் ஆள் வந்தான். கீழூர்க்காரன், இருபத்தைந்து வயது இருக்கும், வலது பக்கம் கண் மூடியிருந்தது, கன்னம் புடைத்திருந்தது. குழியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"இலையை உள்ள வை" என்றான் நிக்கானோர்.

"என்னத்துக்கு? இது யாரு சொன்ன வழக்கம்?"

"நான் வெட்டின குழி. அடியில இருக்கிறது என் இலை. மேலூர்க்காரன் தலைமேல கீழூர்க்காரன் உக்காற இந்த ஒரு வாய்ப்புதான் உண்டு. வேண்டாம்னா போ."

அவன் சிரிக்கப் போய், வலித்துப் பாதியில் நிறுத்தினான். குனிந்து, உருண்டையை விரலால் எடுத்துக் குழியில் வைத்தான்.

அவனை நாற்காலியில் உட்காரவைத்தேன். பின்னால் போய் நின்று, இரண்டு ஆள்காட்டி விரலையும் கன்ன எலும்புகளின் மேல் வைத்து, மேலிருந்து பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைத்தேன். முன்னால் வந்து, நல்ல கண்ணை அவனையே பொத்தச் சொல்லி, மூடிய இமையைத் தூக்கி, விரல் எண்ணச் சொன்னேன். முதலில் நான்கு காட்டினேன், அடுத்து ஒன்று.